சாவி இன்று அக்காவிடம்

காலையில் டீ கிளாஸ் கையில் நிற்கவில்லை. விரல்கள் இருந்தன, பிடி இல்லை. தோளிலிருந்து முழங்கைவரை குடைகிற வலி; முழங்கைக்குக் கீழே அந்த வலிகூட இல்லாமல் மரத்துக் கிடந்தது. முந்தின நாள் முழுக்கக் காங்கிரீட் உடைக்கிற ஜாக்ஹாமரைப் பிடித்திருந்த கைகள். படுத்த பிறகும் மணிக்கட்டுக்குள் அது ஓடிக்கொண்டே இருந்தது. கிளாஸை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பிடித்து, குனிந்து குடித்தான்.

மனைவி வந்து அவன் சட்டைக்குப் பட்டன் போட்டுவிட்டாள்.

"மேலாக ஒட்டினதைச் சுரண்டறதோட நிறுத்திக்கோ. லோடோட இறுகின டிரம்முல இனி இறங்காதய்யா."

"சரி."

"போன தடவையும் சரின்னுதான் சொன்னே."

"அது சும்மா சொன்னது. இது நெஜம்."

"ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்குது" என்று கடைசிப் பட்டனையும் போட்டாள்.

கலவை லாரிகளின் டிரம்முக்குள் இறங்கி, இறுகின காங்கிரீட்டை உடைத்து எடுப்பது அவன் தொழில். முதுகில் பெரிய உருளையைச் சுமந்துகொண்டு போகிற லாரிகள். உருளை சுற்றிக்கொண்டிருக்கும்வரை உள்ளே இருப்பது குழம்பு, நின்றுவிட்டால் கல். சுற்ற வேண்டுமென்றால் எஞ்சின் ஓட வேண்டும். எவ்வளவுதான் சுற்றினாலும் ஓரங்களில் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். அதைச் சுரண்ட, பக்கவாட்டில் உள்ள ஓட்டை வழியாக முதலில் தலையை விட்டு, பிறகு ஒரு தோளை விட்டு, மூச்சை வெளியே தள்ளி இன்னொரு தோளையும் விட்டு ஒருவன் உள்ளே போக வேண்டும். அப்படிப் போக ஒல்லியான உடம்பு வேண்டும், வேறு வேலை கிடைக்காத வாழ்க்கையும் வேண்டும். அவனிடம் இரண்டும் இருந்தன. லாரிகள் நிற்கிற யார்டில் அவனுக்கு உளியன் என்று பெயர். வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

மனைவி விடுதி ஒன்றுக்கு விரிப்புகள் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுப்பவள். எல்லாம் வெள்ளை. மொட்டை மாடியில் காயப்போட்டு மாலையில் எடுத்தால், மிளகைத் தூவியதுபோல் கரும்புள்ளிகள் இருக்கும். தட்டினால் போகாது, தேய்த்தால் கோடாக இழுத்துக்கொள்ளும். மறுபடி துவைக்க வேண்டும். காங்கிரீட் பிளான்ட் அவர்கள் தெருவின் ஒரு கோடியில் இருந்தது. மறுகோடி ஊருக்குள் போகும் பெரிய ரோடு. சுற்றுச்சாலை வழியாகப் போனால் லாரிக்கு மூன்று மடங்கு தூரம். அதனால் பழைய லாரிகளெல்லாம் தெருவைத்தான் பிடித்தன. வீட்டு வாசல்களை உரசிக்கொண்டு, ஒன்றன் பின் ஒன்றாக, எஞ்சினை உறுமவிட்டபடி நிற்கும். குழந்தைகள் மூக்கைத் துடைத்தால் கைக்குட்டை கறுக்கும். கோடி வீட்டுக் கிழவர் இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். அவருக்கு எண்பது வயது, அதனால் யாரும் லாரியைக் குறை சொல்லவில்லை.

எதிர்வீட்டுத் தையல்காரம்மாதான் நகராட்சிக்குச் செருப்புத் தேய நடந்தது. கடைசியில் உத்தரவு வந்தது. பள்ளி மணி அடித்ததிலிருந்து தெருவிளக்குப் போடும்வரை கனரக வண்டிகள் தெருவுக்குள் வரக் கூடாது. நிற்கிற வண்டி எஞ்சினை அணைக்க வேண்டும். நகராட்சி போர்டு கொடுத்தது, தெருவை மறிக்க இரும்புக் கம்பி கொடுத்தது, பூட்டும் கொடுத்தது. ஆள் கொடுக்கவில்லை. தெருக்காரர்களே முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு வீடு. அந்த வீட்டில்தான் சாவி. விளக்குப் போட்டதும் கம்பியைத் தூக்கிவிட்டு, சாவியை அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும்.

அன்று முதல் முறையாகச் சாவி அவர்கள் வீட்டுக்கு வந்திருந்தது. ஈரப் புடவையில் இடுப்பில் செருகிக்கொண்டு அவள் இறங்கிப் போனாள்.

பள்ளி மணி அடித்து ஓய்ந்தது. அவள் கம்பியை இறக்கிப் பூட்டினாள். உளியன் டீக்கடையில் இரண்டாவது கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். பிளான்ட் பக்கமிருந்து லாரி வருகிற சத்தம் கேட்டது. சத்தத்தை வைத்தே அவனுக்கு எந்த லாரி என்று தெரிந்தது. அவன் மச்சினனுடையது. மனைவியின் தம்பி. பல கை மாறி, தேய்ந்து, கடைசியில் இவனிடம் வந்து சேர்ந்த வண்டி. மேட்டில் ஏறினால் அது விடுகிற புகையில் பின்னால் வருகிறவனுக்கு ரோடு தெரியாது. அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருப்பான். பொழுது முழுக்க அதில்தான் இருப்பான். வாடகை அறைக்குக் குளிக்க மட்டும் போவான்.

கம்பிக்கு ஒரு முழம் முன்னால் வந்து லாரி நின்றது. டிரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பின்னால் இன்னும் இரண்டு லாரிகள்.

மச்சினன் தலையை வெளியே நீட்டினான்.

"அக்கா, தூக்கு."

"மணி அடிச்சாச்சுடா."

"இப்பத்தானே அடிச்சுது. காதுல இன்னும் சத்தம் நிக்குது. தூக்கு."

"அடிச்சாச்சு."

அவன் சிரித்தான். பின்னால் இருந்தவர்களுக்குக் கையைக் காட்டினான், கொஞ்சம் பொறு என்று.

"பிளான்ட்ல மணல் ஈரம்னு நிக்க வெச்சுட்டான். என் தப்பு இல்ல."

"சுத்திப் போ."

"நெஜமாவா சொல்றே?"

"போர்டு படிக்கத் தெரியாதா? நான்தானே உன்னை இழுத்துட்டுப் போய்ப் பள்ளிக்கூடத்துல விட்டேன்."

"நீ முன்வாசல்ல விட்டே, நான் பின்வாசல் வழியா வந்துட்டேன். அதெல்லாம் இருக்கட்டும், தூக்கு."

டீக்கடையில் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மச்சினன் கதவைத் திறந்து இறங்கி வந்தான். கம்பியின் அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள்.

"அக்கா, நேத்து சாவி தையல்காரம்மாகிட்ட இருந்துச்சு. நான் இந்தப் பக்கமே வரல. முந்தாநாள் அந்த மீசைக்காரர்கிட்ட, அன்னைக்கும் சுத்தித்தான் போனேன். இன்னைக்கு உன்கிட்ட இருக்குன்னுதான் வந்தேன். இவனுங்க ரெண்டு பேரும் என்னை நம்பித்தான் பின்னாடி வந்திருக்கானுங்க."

"அதனாலதான்டா திறக்க முடியாது."

அவன் முகம் அப்போதுதான் மாறியது. அதுவரை விளையாட்டு என்று நினைத்திருந்தான் போல.

தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்தாள். அக்கம்பக்கத்து வாசல்களிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்தான். மச்சினன் இப்போது எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் பேசினான்.

"இது என் வண்டி. என் காசுல வாங்கின வண்டி. டீசல் நான் போடறேன், ரோட்டுக்கு வரி நான் கட்டறேன். எந்த நேரத்துல எந்த ரோட்டுல போகணும்னு தையல் மெஷின் வந்து சொல்லுமா எனக்கு?"

"வண்டி உன்னுதுதாம்பா" என்றாள் தையல்காரம்மா. "புகை யாருது? அதையும் உன் வீட்டுக்கே கட்டி எடுத்துட்டுப் போயிடு. அப்புறம் எங்க வேணா ஓட்டிக்கோ."

"எங்கக்கா இஸ்திரிப் பெட்டியில கரியைப் போட்டு ஊதறாளே, அது மட்டும் பன்னீரா?"

"என் மாடியில ஊதறேன்" என்றாள் அக்கா. "உன் வாசல்ல வந்து உக்காந்து ஊதல."

"சுத்திப் போனா ஒரு நாளைக்கு ஒரு லோடு குறையும். அந்த டீசலை யார் அப்பன் தருவான்?"

"நமக்கு ஒரே அப்பன்தானே. போய்க் கேட்டுப் பாரு."

அப்பா செத்துப் பல வருஷம். அவன் வாய் ஒரு நொடி கோணியது, சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டு தெருவைச் சுற்றிப் பார்த்தான்.

"இந்தத் தெருவுல காங்கிரீட் இல்லாத வீடு ஒண்ணு காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு. படி வேணும், மாடி வேணும், சாக்கடைக்கு மூடி வேணும். லாரி மட்டும் வேணாம். அது வானத்துலேருந்து கொட்டுமா?"

அவன் சொன்னது உண்மைதான். மீசைக்காரர் தன் வீட்டு மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

தையல்காரம்மாதான் போர்டைக் காட்டினாள். "அதெல்லாம் சரி. நின்னா எஞ்சினை அணைக்கணும். அதுவும் எழுதியிருக்கு."

மச்சினன் அக்காவைப் பார்த்தான்.

"அணைக்கணுமா அக்கா?"

"திரும்பிப் போன்னு சொன்னேன்."

"அதைக் கேக்கல. நிக்கிற வண்டியை அணைக்கணுமா?"

"போர்டுல அப்படித்தான் இருக்கு."

"அணைச்சா என்ன ஆகும்னு இங்க இருக்கிற யாருக்குத் தெரியலேன்னாலும் உனக்குத் தெரியும்."

அவன் லாரியில் ஏறினான். ரிவர்ஸ் போடப்போகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். எஞ்சினை அணைத்தான். டிரம் இன்னும் கால் சுற்றுச் சுற்றி, ஒருமுறை முனகி, நின்றது. தெருவில் அப்படி ஒரு அமைதி. எங்கோ ஒரு வீட்டில் குழாய் சொட்டுவது கேட்டது. அவன் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நேராக டீக்கடைக்கு வந்து உளியனுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"ஒரு டீ" என்றான். "சட்டப்படி ஒரு டீ."

பின்னால் நின்ற இருவரும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு ஒருவன் பின் ஒருவனாக ரிவர்ஸில் போய், சுற்றுச்சாலையைப் பிடித்தார்கள். இப்போது மச்சினனுக்கும் வழி திறந்துதான் இருந்தது. முன்னால் கம்பி, பின்னால் வெறும் தெரு. அவன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தான்.

வெயில் ஏறியது. உளியன் எழுந்து கம்பிப் பக்கம் போனான்.

"இறுகிப் பிடிச்சுடும்" என்றான் மனைவியிடம். "டிரம் நிறைய இருக்கு. இந்த வெயில்ல ரொம்ப நேரம் தாங்காது."

"அவன்கிட்டச் சொல்லு."

"ஒரே ஒரு தடவை திறந்துவிடு."

"ஒரு தடவைங்கிறது எத்தனை தடவைய்யா? நாளைக்கு மீசைக்காரர் மருமகன் வருவான். அடுத்த நாள் யாரோட ஒண்ணுவிட்ட சித்தப்பாவோ. அப்புறம் கம்பி எதுக்கு, துணி காயப்போடவா?"

அவன் டீக்கடைக்குத் திரும்பினான்.

"மாப்ள, பின்னாடி காலியாத்தான் இருக்கு. எடுத்துட்டுப் போயிடு."

"அவ திறக்கட்டும்."

"சரி, சர்க்கரையாவது போட்டு நாலு சுத்து சுத்திவிடு."

சர்க்கரை கலந்தால் காங்கிரீட் இறுகத் தாமதமாகும். கலவை லாரி ஓட்டுகிற எல்லாருடைய சீட்டுக்கடியிலும் ஒரு பை இருக்கும். ஆனால் சும்மா கொட்டினால் ஆகாது, டிரம் சுற்றிக் கலக்க வேண்டும்.

"சர்க்கரையை உங்க டீயில போட்டுக்கோங்க மாமா."

"உன் வண்டிடா."

"அதைத்தானே காலையிலேருந்து சொல்றேன். என் வண்டி, என் இஷ்டம். ஓட்டறதுக்குத்தான் உங்க தெருவுல உரிமை இல்ல. கெடுக்கறதுக்கும் இல்லையா?"

அக்காவும் தம்பியும், மற்றவர் முதலில் இறங்கி வருவார் என்று காத்திருந்தார்கள். சின்ன வயதிலும் அப்படித்தான் என்று அவள் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். ஒரே பாய்க்குச் சண்டை போட்டு, இரண்டு பேருமே தரையில் படுத்துக் கிடப்பார்களாம். அப்போது பாய் மட்டும்தான் சும்மா கிடந்தது.

உளியன் லாரிக்குப் பக்கத்தில் போய் நின்றான். விரலால் தட்டினால் அவனுக்கு ஒன்றும் தெரியாது, விரல் செத்துக் கிடந்தது. கீழே கிடந்த கல்லை எடுத்துத் தட்டினான். மேல் பக்கம் ஒரு மாதிரி ஒலித்தது. கீழே தட்டியபோது ஒலியே இல்லை. கல்லின் மேல் கல்லைத் தட்டியதுபோல் கையில் திருப்பி அடித்தது. தலையைத் திருப்பி மச்சினனைப் பார்த்தான்.

மச்சினன் கிளாஸைக் கீழே வைக்காமலே ஓடினான். எஞ்சின் கறுப்பாகக் கக்கியது. டிரம் நகரவில்லை. மறுபடி முறுக்கினான். லாரி முழுக்க நடுங்கியது. டிரம் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்புவதுபோல் அரைச் சுற்றுச் சுற்றியது. அவன் ரிவர்ஸில் அப்படியே பிளான்டுக்கு ஓட்டினான். கழிவுக் குழியில் கொஞ்சம் கொட்டினான். மேலே இருந்த குழம்பு விழுந்தது, கீழே இருந்தது வரவில்லை. இன்னும் அழுத்தியபோது டிரம்மைச் சுற்றவைக்கிற எண்ணெய்க் குழாய் வெடித்தது. அதோடு சரி. உள்ளே பாதி லோடு கல்லாகி நின்றது.

விளக்குப் போட்ட பிறகுதான் அவள் கம்பியைத் தூக்கினாள். சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனாள். விரிப்புகளை மடித்துக்கொண்டு வந்தாள். அவை வெள்ளையாக இருந்தன. ஒன்றைக்கூட உளியனிடம் விரித்துக் காட்டவில்லை.

மறுநாள் உளியன் யார்டுக்குப் போனபோது டிரைவர்கள் மச்சினன் லாரியைச் சுற்றி நின்றார்கள். டிரம்மை வெட்டி எடுத்துப் புதிது போடலாம். அதற்கு லாரியை விற்றாலும் பத்தாது. உள்ளே இறங்கி உடைக்கலாம். பாதி டிரம் இறுகினதில் இறங்குகிற ஆள் அந்தப் பக்கத்தில் ஒருத்தன்தான். மச்சினன் டயரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கண்ணைப் பார்த்தால் அவன் படுக்கவே இல்லை என்று தெரிந்தது.

"கூலி என்னன்னு சொல்லுங்க மாமா" என்றான். "மத்தவங்ககிட்ட வாங்கறதையே வாங்கிக்கோங்க. ஒரு காசு குறைக்க வேணாம்."

முந்தின நாள் பின்னால் நின்ற இருவரில் ஒருவன் நெட்டையன். அவன் சொன்னான்: "பொண்டாட்டி கம்பியைப் போடுவா, புருஷன் உளியைப் போடுவான். குடும்பமாச் சேர்ந்து நல்ல தொழில் கண்டுபிடிச்சிருக்கீங்கப்பா."

ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் உளியனுக்கு உறைத்தது. வேடிக்கையாக அவன் சொல்லவில்லை, இரவே பேசி முடித்திருக்கிறார்கள்.

"நகராட்சிக்கு மனு எழுதறோம்" என்றான் நெட்டையன். "புகைக்காகப் பூட்டல, கூலிக்காகப் பூட்டறாங்கன்னு. கம்பி எவ்வளவு நாள் நிக்குதுன்னு பாப்போம்."

மச்சினன் மறுக்கவில்லை. ஒத்துக்கொள்ளவும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உளியன் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"காசு வேணாம்னு செஞ்சு குடுத்துடறேன்" என்றான்.

"ஓசியில செஞ்சா நான் பண்ணது தப்புன்னு ஆகும். நீ உள்ள கிடந்து எனக்காக மன்னிப்புக் கேக்கற மாதிரி."

"அப்ப வாங்கிக்கறேன்."

"வாங்கினா, அதுக்குத்தான் மறிச்சேன்னு ஆகும்."

"இறங்கவே மாட்டேன்னு சொல்லிடறேன்."

பெட்டிக்குள் கரி வெடிக்கிற சத்தம் கேட்டது.

"அவனுக்கு அந்த வண்டியை விட்டா வேற என்னய்யா இருக்கு" என்றாள். பிறகு, "உன் கை?"

"கை என் கை. அதை நான் பாத்துக்கறேன்."

"உன் கையா? பட்டன் யாரு போடறா?"

அவள் அவன் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டாள். சின்ன விரலை அவள் இழுப்பது கண்ணுக்குத் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை.

"நீ சொல்றதைத்தான் செய்வேன்" என்றான்.

"எல்லாத்தையும் நான்தான் பூட்டணும், நான்தான் திறக்கணுமா?" என்று அவள் கையை விட்டுவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த நாள் யார்டில் எல்லாரும் இருக்கிற நேரமாகப் பார்த்து உளியன் போனான். மச்சினனுக்கு முன்னால் போய் நின்றான்.

"இறங்கறேன்" என்றான். "காசு வாங்க மாட்டேன். ஓசியும் கிடையாது."

"ரெண்டும் இல்லேன்னா?"

"வேலைக்கு வேலை. உன் டிரம்மை நான் உடைக்கறேன். அடுத்து இந்த மாதிரி இறுகின டிரம் யாரோடது வந்தாலும், நீ எங்கூட உள்ள இறங்கணும். பக்கத்துல நின்னு வேடிக்கை பாக்கறது இல்ல. ஹாமரை நீ பிடிக்கணும். முடியறவரைக்கும். ஒரு டிரம்முக்கு ஒரு டிரம்."

நெட்டையன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். கூலி இல்லை என்ற பிறகு மனுவில் எழுத ஒன்றும் இல்லை என்று அவனுக்கே தெரிந்தது.

"இவங்க எல்லாரும் கேட்டுக்கட்டும்" என்றான் உளியன். "சரியா, இல்லையா?"

"சரி மாமா" என்றான் மச்சினன். அந்த நேரத்தில் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பான்.

"லாரி சாவியைக் குடு."

உள்ளே ஆள் இருக்கும்போது யாராவது தெரியாமல் ஸ்டார்ட் பண்ணினால், உள்ளே இருப்பவன் சதைக் குழம்பு. அதனால் இறங்குகிறவனின் பையில்தான் சாவி இருக்க வேண்டும். யாருக்காகவும் அதை அவன் மாற்றியதில்லை. மச்சினன் சாவியைக் கொடுத்தான். எத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அது வேறு ஒருவன் பைக்குப் போயிற்றோ.

டிரம்முக்குள் நிற்க முடியாது. பாதிக்கு மேல் கல். அதன் மேல் படுத்துக்கொண்டு, தலைக்கு மேல் இரும்பை வைத்துக்கொண்டு உடைக்க வேண்டும். சுற்றிச் சுற்றிப் போகும் இரும்புத் தகடுகள் காங்கிரீட்டுக்குள் புதைந்து கிடக்கும். அவற்றை வெட்டாமல், இடுக்குகளில் உளியை விட்டு நெம்ப வேண்டும். காதில் பஞ்சு, மூக்கில் துணி. இரண்டும் கொஞ்ச நேரத்துக்குத்தான். அப்புறம் சத்தம் எலும்பு வழியாக வரும், தூசி வாய் வழியாக. வெளியே வெயில் ஏற ஏற டிரம் அடுப்பாகும். உடைத்ததை ஓட்டை வழியாகத் தள்ளினால் மச்சினன் வெளியே வாளியில் வாங்கிக் குழியில் கொட்டுவான்.

ஒருமுறை வாளி வராமல் போனதால் உளியன் திரும்பிப் பார்த்தான். மச்சினன் ஓட்டை வழியாகத் தலையை உள்ளே விட்டிருந்தான். வெளிச்சத்தை அவன் தலையே மறைத்ததால் முகம் தெரியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பயந்த மாட்டின் மூச்சுபோல. சட்டென்று தலையை உருவிக்கொண்டான். பிறகு வெளியே அவன் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. உளியன் மறுபடி ஹாமரைப் பிடித்தான்.

மனைவி தினமும் சாப்பாட்டைக் கொண்டுவந்து யார்டு கேட்டில் வைத்துவிட்டுப் போனாள். இரண்டு பேருக்கும் போதுமான சாப்பாடு. இரண்டாவது ஆளுக்கு என்று அவள் சொல்லவில்லை, தம்பியும் கேட்கவில்லை. சாப்பிட்டான். தூக்கைக் கழுவிக் கேட்டில் வைத்தான்.

கடைசிக் கல் வெளியே விழுந்தபோது உளியன் ஓட்டையிலிருந்து இறங்க முடியாமல் தொங்கினான். இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். லாரி சாவியைப் பையிலிருந்து எடுக்க அவன் விரல்கள் வரவில்லை. மச்சினனே பைக்குள் கையை விட்டு எடுத்துக்கொண்டான்.

குழாய் மாற்றி லாரி ஓடத் தொடங்கியது. அது அந்தத் தெருப்பக்கம் அதன் பிறகு வரவே இல்லை; கம்பி தூக்கியிருக்கிற நேரத்திலும் வரவில்லை. மச்சினன் வீட்டுக்கும் வரவில்லை. மனு எழுதுகிற பேச்சு அடங்கிற்று. கம்பி தினமும் மணி அடித்ததும் இறங்கியது. மணி அடிக்கும் முன்னால் போய்விட வேண்டும் என்று லாரிகள் விடியற்காலையில் முட்டி மோதிக்கொண்டு வந்தன. அதனால் அவள் வெயில் நன்றாக ஏறிய பிறகே துணி காயப்போட்டாள். முன்பு போல் புள்ளிகள் இல்லை. இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது.

உளியனின் இடது கை ஓரளவு தேறியது. வலது கையில் சின்ன விரலும் அடுத்த இரண்டு விரல்களும் திரும்பவில்லை. கையெழுத்துப் போடலாம், கயிறு பிடிக்கலாம். ஹாமர் பிடிக்க முடியாது.

மழைக்காலம் போன பிறகு வேறு ஒரு கம்பெனி லாரி எங்கோ பழுதாகி நின்று, டிரம் இறுகி யார்டுக்கு இழுத்துக்கொண்டு வரப்பட்டது. நல்ல கூலி. வேலையைப் பிடித்துவிட்டு, உளியன் டீக்கடைக்காரர் மூலம் மச்சினனுக்குச் சொல்லி அனுப்பினான். நாளைக்கு வருகிறேன் என்று பதில் வந்தது. நாளைக்கு வரவில்லை. மறுபடி சொல்லி அனுப்பியபோது நெட்டையன் வந்தான். மடித்த பணத்தை நீட்டினான்.

"உங்க தம்பி குடுத்தான். ஆள் வெச்சுக்கச் சொன்னான்."

அவள்தான் வாசலில் நின்றிருந்தாள். பணத்தைத் தொடவில்லை.

"இதை அவன்கிட்டயே குடுத்துடு" என்றாள். "நாங்க காசுக்குப் பேசல. நீயும் பக்கத்துலதான் நின்னே, உனக்கும் தெரியும்."

நெட்டையன் பணத்தைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டான். அன்று அவன் கிண்டல் எதுவும் செய்யவில்லை.

அடுத்த நாள் உளியனே சுற்றுச்சாலைக்கு நடந்து போய், மேடு தொடங்குகிற இடத்தில் நின்றான். அங்கே எந்த லாரியும் வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். தூரத்தில் கறுப்பாகப் புகை தெரிந்தது, பிறகு லாரி தெரிந்தது. கையைக் காட்டினான். மச்சினன் ஓரமாக நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. டிரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"லோடு இருக்கு மாமா. நிக்க முடியாது."

"டிரம் யார்டுல நிக்குது. எனக்குக் கை இல்ல. நீ வரணும்."

மச்சினன் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி சொன்னான்: "எவ்வளவு வேணா தரேன் மாமா. ரெட்டைக் கூலி கேளுங்க, தரேன். அது உள்ள மட்டும் என்னை இறங்கச் சொல்லாதீங்க. அன்னைக்குத் தலையை விட்டுப் பாத்தேன். அதுக்கப்புறம் வண்டியில படுத்தாக்கூட எனக்குத் தூக்கம் வரல."

"நான் தூங்கினேனா?"

மச்சினன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டானா, தூசியைத் துடைத்துக்கொண்டானா என்று கீழே நின்றவனுக்குத் தெரியவில்லை. கியர் விழுந்தது. லாரி மேட்டில் ஏறியது. அதன் புகை உளியனைச் சுற்றி நின்று, பிறகு பக்கத்து வயல் பக்கமாகப் போயிற்று.

யார்டில் அந்த டிரம் ஓட்டை திறந்தபடி நிற்கிறது. கம்பெனிக்காரன் நாளைவரை பார்ப்பான், அதற்கு மேல் வேறு ஊரில் ஆள் தேடுவான். மச்சினன் ஒரு டிரம் பாக்கி.